சாவி எங்கே?

போன வருஷம் அக்னி நட்சத்திரம் சமயம். ராத்திரி இரண்டேகால் மணி. எங்கள் அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடி வீட்டு ஏ.சி. எரிய ஆரம்பித்தது.

வீட்டில் நான்கு பேர். கணவன், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், எழுபத்தெட்டு வயதுப் பாட்டி. நாலு பேருமே எழுந்துவிட்டார்கள். ஹாலுக்கும் வந்துவிட்டார்கள். தேக்குக் கதவையும் திறந்துவிட்டார்கள். அதற்கு வெளியே இரும்பு கொலாப்சிபிள் கேட். அதில் உள்பக்கமாக ஒரு பெரிய பூட்டு. சாவியைக் காணோம்.

அவர் பேன்ட் பாக்கெட்டில் தேடுகிறார். அந்த அம்மா ஃப்ரிட்ஜ் மேலே துழாவுகிறார். கரண்ட் போய்விட்டது. புகை சீலிங்கிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. கேட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள் பத்துப் பேர், லுங்கியும் நைட்டியுமாக, "சாவி எங்கே, சாவி எங்கே" என்று கத்திக்கொண்டு நிற்கிறோம்.

எதிர் மனையில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால் கடப்பாரை கிடைத்தது. கீழே படுத்திருந்த இஸ்திரிக்காரர் அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்து பூட்டை நெம்பி உடைத்தார். நான்கு பேரும் பிழைத்தார்கள். பாட்டி மட்டும் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை. எல்லாம் புகை.

தீயணைப்பு வண்டியும் வந்தது. தெருமுனை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வர முடியவில்லை. இரண்டு பக்கமும் கார்கள். அதில் ஒன்று என்னுடையது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டம். முதல் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் எழுந்து இரண்டு விஷயம் சொன்னார். நம் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு ஸ்மோக் அலாரம் வைப்போம். எதிரே வருகிற புதுக் கட்டடத்தில் ஸ்பிரிங்க்ளர் போடச் சொல்லி பில்டரிடம் பேசுவோம், நம் தெருவில் நெருப்பு பிடித்தால் நமக்கும்தானே ஆபத்து என்றார்.

அவ்வளவுதான். ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள்.

"சார், அதெல்லாம் ஸ்டார் ஹோட்டலுக்கு. ஒருத்தர் வீட்ல வத்தக்குழம்பு தாளிச்சா, எல்லார் வீட்லயும் மழை பெய்யும்."

"அமெரிக்காவுல மர வீடு, எரியும். நம்மளுது காங்கிரீட் சார்."

"குளிக்கவே தண்ணி இல்ல. இதுல நெருப்பை அணைக்க வேற எடுத்து வைக்கணுமா?"

"யார் சார் செலவு பண்றது?"

நாற்பது நிமிடம் பேசி, விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அடுத்த அயிட்டம், புதிதாக எட்டு சி.சி.டி.வி. கேமரா. நான்கு நிமிடத்தில் ஏகமனதாகப் பாஸாகிவிட்டது. நானும் கை தூக்கினேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் கட்டடத்துக்குத் திருடன் வந்து பதினோரு வருஷமாகிறது. நெருப்பு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

*

அந்த நான்கு கேள்விகளையும் எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டுக் கூட்டத்திலும் இதே நான்குதான் வரும்.

முதலில் வத்தக்குழம்பு மழை. இது இங்கிலீஷ் படம் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஹீரோ லைட்டரைக் காட்டுவார், கட்டடம் முழுக்கக் கொட்டும். நிஜத்தில் அப்படி நடக்காது. ஸ்பிரிங்க்ளரின் மூக்கில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கும். உள்ளே திரவம். சூடு ஏறினால் திரவம் விரிந்து குப்பி வெடிக்கும், அடைப்பு விலகித் தண்ணீர் கொட்டும். பரவலாகப் புழங்கும் சிவப்புக் குப்பி வெடிப்பதற்கு 68 டிகிரி செல்சியஸ் வேண்டும். புகைக்கு அது அசையாது. உங்கள் தாளிப்பு, சாம்பிராணி, கணபதி ஹோமம் எதற்கும் அசையாது. ஒவ்வொரு குப்பியும் தனித்தனி. எந்த இடத்தில் நெருப்போ, அதற்கு மேலே இருப்பது மட்டும்தான் திறக்கும். பக்கத்து அறையில் தூங்குகிறவர் மேல் ஒரு சொட்டு விழாது.

இரண்டாவது, காங்கிரீட். இது கொஞ்சம் நியாயமான வாதம்தான். நம் சுவர் எரியாது. ஆனால் சுவரா நம்மைக் கொல்கிறது? வீட்டுக்குள் ஒரு சுற்று பாருங்கள். ஃபோம் சோபா, ஃபோம் மெத்தை, பாலியெஸ்டர் திரைச்சீலை, பி.வி.சி. சீலிங், பிளைவுட் அலமாரி, மாடுலர் கிச்சன். பாட்டி காலத்து வீட்டில் ஒரு மர பெஞ்சும், இலவம் பஞ்சு மெத்தையும், பாயும்தான் இருந்தன. அமெரிக்காவில் யு.எல். என்ற பரிசோதனை நிறுவனம் இரண்டு அறைகளைச் செய்து கொளுத்திப் பார்த்தது. ஒன்றில் பழைய காலத்து மரம், பருத்திச் சாமான்கள். இன்னொன்றில் இந்தக் காலத்து ஃபோம், பிளாஸ்டிக் சாமான்கள். பழைய அறை முழுக்கப் பற்றி எரிய அரை மணி நேரம் ஆனது. புது அறைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஐந்து நிமிடம்! 101-க்கு போன் போட்டு, "எந்த ஏரியா? லேண்ட்மார்க் என்ன?" என்று கேட்டு முடிப்பதற்குள் போய்விடும். அதற்கப்புறம் வண்டி வர வேண்டும். என் காரைத் தாண்டி வர வேண்டும்.

காங்கிரீட் சுவர் நெருப்பைப் பரவவிடாது, உண்மைதான். ஆனால் அதே சுவர் புகையையும் வெளியே விடாது. ஏ.சி. போட்டு ஜன்னலை இறுக்கி மூடிய அறை ஓர் அடைத்த டப்பா. நெருப்பில் சாகிறவர்களில் பெரும்பாலோர் புகையில்தான் சாகிறார்கள். தூங்குகிறவனைப் புகை நாற்றம் எழுப்பாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தண்ணீர். 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த ஊர் இது. எனவே இந்தக் கேள்வியைக் கிண்டல் செய்ய மாட்டேன். கணக்குப் போடுவோம். வீடுகளுக்கான அமெரிக்க விதிப்படி, இரண்டு ஸ்பிரிங்க்ளர் பத்து நிமிடம் ஓடுகிற அளவு தண்ணீர் இருந்தால் போதும். ஒன்றுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 லிட்டர். ஆக மொத்தம் 1000 லிட்டர். உங்கள் மொட்டைமாடியில் கறுப்பாக நிற்கிறதே, அந்த டேங்க்கில் ஒன்று. தீயணைப்பு வண்டியின் குழாய் ஒரு நிமிடத்தில் பல நூறு லிட்டரை வீட்டுக்குள் பீய்ச்சும்.

அந்த 1000 லிட்டரை யாரும் குளித்துத் தீர்த்துவிடாமல் இருக்கவும் வழி இருக்கிறது. வீட்டு உபயோகக் குழாயை டேங்க்கின் அடியில் வைக்காமல் கொஞ்சம் மேலே வைத்தால், அதற்குக் கீழே இருக்கும் தண்ணீர் நெருப்புக்கு மட்டும்தான். மேல்மாடிகளுக்கு அழுத்தம் போதாது, பம்ப் வேண்டும். கரண்ட் போனாலும் அது ஓட வேண்டும். லிஃப்ட்டுக்கு ஜெனரேட்டர் வைக்கத் தெரிந்த பில்டருக்கு இதற்கும் வைக்கத் தெரியும்.

நான்காவது கேள்வி, காசு. இது என் சப்ஜெக்ட். நான் பி.காம். அமெரிக்காவில் 2013-ல் எடுத்த கணக்குப்படி, புதிதாகக் கட்டும் வீட்டில் ஸ்பிரிங்க்ளர் போட சராசரியாகச் சதுர அடிக்கு 1.35 டாலர் ஆனது. அன்றைய நிலவரப்படி சுமார் 80 ரூபாய். நம் ஊரில் இன்று அதைவிடக் கூட ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மடங்கு, 160 ரூபாய். சென்னையில் சதுர அடி எட்டாயிரம், பத்தாயிரம் என்று ஃப்ளாட் விற்கிறார்கள். இரண்டு சதவீதத்தைத் தாண்டவில்லை. அதே பில்டர் கார் நிறுத்தக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டுச் சில லட்சங்கள் வாங்குகிறார். நாமும் கொடுக்கிறோம். கார் வெயிலில் நிற்கக் கூடாது அல்லவா!

பலன் என்ன? அமெரிக்கக் கணக்கில், ஸ்பிரிங்க்ளர் இருக்கும் வீடுகளில் நெருப்பு பிடித்தால் உயிர்ச்சேதம் மற்ற வீடுகளைவிட 80 சதவீதத்துக்கும் மேல் குறைவு. இரண்டு சதவீதச் செலவுக்கு இந்தப் பலனைத் தரும் வேறு எந்த முதலீட்டையும் எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித்தரவில்லை.

*

இவ்வளவு நல்ல சரக்கு ஏன் விற்கவில்லை? காரணம் ரொம்ப சிம்பிள். செலவு செய்ய வேண்டியவர் ஒருவர், சாகப்போகிறவர் வேறொருவர்.

பில்டர் அந்த வீட்டில் குடியிருக்கப் போவதில்லை. வாங்குகிறவர் கிரானைட்டையும் டைல்ஸையும் தட்டிப் பார்ப்பார், குழாயைத் திறந்து பார்ப்பார், வாஸ்து பார்ப்பார். நெருப்பைப் பற்றிக் கேட்பது அபசகுனம். "கிரகப்பிரவேசம் அன்னிக்கு ஏன் இந்தப் பேச்சு?" பல வருஷம் கழித்து அந்த வீட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் பாட்டியையும், வாடகைக்கு வந்தவரையும், வேலைக்கார அம்மாவையும் யாரும் எதுவும் கேட்பதில்லை. இப்படிப்பட்ட விஷயத்தைச் சந்தை தானாகச் சரிசெய்யாது. சட்டம்தான் செய்ய வேண்டும்.

கார் ஏர்பேக் ஞாபகம் இருக்கிறதா? டாப் மாடலில் மட்டும் கொடுத்தார்கள். பேஸ் மாடல் வாங்குகிறவன் உயிர் பேஸ் உயிரா என்று யாரும் கேட்கவில்லை. "இந்தியன் கஸ்டமர் மைலேஜ்தான் கேக்கறான் சார்" என்றார்கள். 2019 ஜூலையிலிருந்து புதுக் காரில் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம் என்று சட்டம் வந்தது. கார் விற்பனை நின்றுபோய்விட்டதா என்ன?

வீட்டு விஷயத்தில் நம் சட்டம் எப்படி இருக்கிறது? தமிழ்நாட்டு விதிகளில் 18.30 மீட்டர் என்று ஒரு கோடு. அதைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம், பெரிய கெடுபிடிகள் அங்கேதான் ஆரம்பம். அதனால்தான் ஊர் முழுக்க ஸ்டில்ட் ப்ளஸ் ஐந்து என்று கோட்டுக்கு ஒட்டிக் கீழே கட்டிவைத்திருக்கிறார்கள். நெருப்பு டேப் வைத்து அளந்துவிட்டா வருகிறது? எங்கள் கட்டடத்தில் அது மூன்றாவது மாடிக்குத்தான் வந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். நாட்டில் தீ விபத்தில் சாகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் வீடுகளில்தான் சாகிறார்கள்.

வேல்ஸ் என்று ஒரு குட்டி நாடு. ஜனத்தொகை சென்னை மாநகராட்சியைவிடக் குறைவு. 2011-ல் சட்டம் போட்டு, 2016 ஜனவரியிலிருந்து புதிதாகக் கட்டும் எல்லா வீட்டுக்கும் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். தனி வீடு, அடுக்குமாடி, எல்லாமே. பக்கத்திலேயே இங்கிலாந்து. அங்கே லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் டவர். 2017 ஜூன் 14 அதிகாலை, நாலாவது மாடியில் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜில் பிடித்த நெருப்பு வெளிச்சுவர் வழியாக உச்சிவரை ஏறியது. 72 பேர் செத்தார்கள். ஸ்பிரிங்க்ளர் இல்லை. அதற்குமுன் கட்டடத்தைப் புதுப்பித்தபோது, செலவைக் குறைக்க மலிவான பேனலை ஒட்டியிருந்தார்கள்.

அமெரிக்காவையும் ஓவராகப் புகழ வேண்டாம். அங்கே 2009-ல் மாதிரி விதியில் தனி வீடுகளுக்கும் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் என்று எழுதினார்கள். வீடு கட்டும் கம்பெனிகளின் சங்கம் எதிர்த்து நின்றது. கடைசியில் மாநிலம் முழுக்க ஏற்றுக்கொண்டவை கலிஃபோர்னியாவும் மேரிலாந்தும்தான். பல மாநிலங்களில் "எந்த ஊராட்சியும் இதைக் கட்டாயமாக்கக் கூடாது" என்றே சட்டம் போட்டார்கள். பாதுகாப்பைக் கேட்பதற்குத் தடை! லாபி என்றால் இங்கே மட்டும் இல்லை.

நான் கேட்பது இதுதான். இனிமேல் கட்டும் ஒவ்வொரு அடுக்குமாடிக் குடியிருப்பிலும், எத்தனை மாடியாக இருந்தாலும், ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் ஆகட்டும். அரசாங்கம் முதலில் தான் கட்டும் வீடுகளில் ஆரம்பிக்கட்டும். பெரும்பாக்கத்தில் ஏழைகளை மாடி மாடியாக அடுக்கிவைத்திருக்கிறோமே, அப்படி இனி கட்டும் குடியிருப்புகளில் ஆரம்பிக்கட்டும். ஸ்காட்லாந்தில் 2021-லிருந்து புது ஃப்ளாட்டுகளுக்கும், அரசு உதவியில் கட்டும் வீடுகளுக்கும் கட்டாயம் ஆக்கியிருக்கிறார்கள். அரசாங்கமே லட்சக்கணக்கில் வாங்கினால் விலை தானாக இறங்கும். இதற்கு பி.காம். கூட வேண்டாம், மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சியைக் கேளுங்கள், சொல்வார்.

*

சரி, ஏற்கெனவே கட்டிய வீட்டில் குடியிருக்கும் நீங்களும் நானும் என்ன செய்வது?

பழைய வீட்டில் ஸ்பிரிங்க்ளர் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சீலிங் முழுக்க பைப் ஓட்டி, சுவரைத் துளைத்து, பம்ப் வைத்து... நடக்கிற காரியமில்லை. கேஸ் கசிந்து வெடித்தால் ஸ்பிரிங்க்ளர் ஒன்றும் செய்யாது என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் அதைவிடச் சின்னச் சின்ன வேலைகள் இருக்கின்றன. அவற்றையும் நாம் செய்வதில்லை.

ஸ்மோக் அலாரம். பேட்டரியில் ஓடும், ஸ்க்ரூ போட்டு மாட்டினால் முடிந்தது. குடும்பத்தோடு ஒருநாள் ஹோட்டலுக்குப் போகும் செலவு. அமெரிக்காவில் வீட்டுத் தீயில் இறப்பவர்களில் ஐந்தில் மூன்று பேர், அலாரமே இல்லாத அல்லது அலாரம் வேலை செய்யாத வீட்டில் இருந்தவர்கள். படுக்கையறைப் பக்கம் மாட்டுங்கள், அடுப்புக்கு மேலே மாட்டிவிட்டு "சும்மா சும்மா கத்துது" என்று பேட்டரியைப் பிடுங்காதீர்கள். கேஸ் டியூபில் தேதி போட்டிருக்கும், தாண்டிவிட்டதா என்று பாருங்கள். ஏ.சி.க்குத் தனி வயர், தனி எம்.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், அந்தப் பூட்டு.

நம் வீடுகளைத் திருடனுக்குப் பயந்து கட்டியிருக்கிறோம். ஜன்னலுக்கு ஜன்னல் கிரில், பால்கனிக்கு கிரில், வாசலுக்கு இரும்புக் கேட். வெளியிலிருந்து ஒருவன் உள்ளே வர முடியாது. உள்ளேயிருந்து யாரும் வெளியே போகவும் முடியாது. இதைவிட மோசம் ஒன்றும் நடக்கிறது. வயசான அப்பா, அம்மாவை உள்ளே வைத்து, "பாதுகாப்புக்காக" வெளியே பூட்டிவிட்டு ஆபீஸ் போகிறார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு வீடாவது இப்படி இருக்கும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலம் பாதிக்கப்பட்ட 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியில் கட்டிவைத்திருந்தார்கள். நாடே பதறியது. ராத்திரி வீட்டைப் பூட்டிவிட்டு டி.வி.யில் பார்த்து நானும் பதறினேன்.

2025 மே 18. ஹைதராபாத் சார்மினார் பக்கத்தில் குல்சார் ஹவுஸ் பகுதி. கீழே நகைக் கடை, மேலே குடும்பம். காலையில் பிடித்த நெருப்பில் 17 பேர் செத்தார்கள். அதில் 8 பேர் குழந்தைகள். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே ஒரு குறுகலான வழி. அந்த வழியும் நெருப்பு பக்கம் இருந்தது.

கிரில்லை எடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. திருடனும் நிஜம்தான். ஒரு ஜன்னல் கிரில்லையாவது உள்ளேயிருந்து திறக்கும்படி கீல் வைத்துப் போடுங்கள். எந்த வெல்டரும் அரை நாளில் செய்து கொடுப்பார். கேட் பூட்டின் சாவிக்கு ஓர் ஆணி அடியுங்கள். கதவுக்குப் பக்கத்தில், உள்பக்கம், வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில். பாட்டிக்கும் எட்ட வேண்டும், பேத்திக்கும் எட்ட வேண்டும். சாவி அந்த ஆணியை விட்டு நகரக் கூடாது.

வெளியே பூட்டிவிட்டுப் போகும் பழக்கத்தை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். இதில் விவாதத்துக்கு ஒன்றும் இல்லை.

இதை எழுதுவதற்கு முன் எங்கள் வீட்டில் ஒரு பரீட்சை வைத்தேன். ராத்திரி பத்து மணிக்கு மெயினை அணைத்தேன். "நெருப்பு! எல்லாரும் வெளியே போங்க" என்றேன். டார்ச் கிடையாது, செல்போன் வெளிச்சமும் கிடையாது. கேட்டைத் திறக்க எங்களுக்கு ஆன நேரம், மூன்று நிமிடம் நாற்பது விநாடி. சாவி என் சட்டைப் பாக்கெட்டில் இருந்தது. சட்டை வாஷிங் மெஷினில் இருந்தது.

புகை இல்லை, பயம் இல்லை, பாட்டி இருமவில்லை. அப்படியும் மூன்று நிமிடம் நாற்பது விநாடி.

மறுநாள் காலை ஆணி அடித்துவிட்டேன். காரை இப்போது தெருவில் நிறுத்துவதில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தப் பொறியாளர் மறுபடி எழுந்திருப்பார். இந்த முறை கேமராவுக்கு முன்னால் அவருடைய அயிட்டத்தை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எதிர் மனைக்காரரிடம் பேச அவரோடு நானும் போகப்போகிறேன்.

இன்றைக்கு ராத்திரி நீங்களும் மெயினை அணைத்துப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது?